ஏலத்துக்கு வந்த குளிகை

எனக்க தம்பி எபின் குடியை விட்டதுல எனக்கு ரெம்ப சந்தோசம். அத முதல்லயே சொல்லிப்போடுதேன். இல்லாட்டா நான் கோயில்ல வச்சு செய்த காரியத்தக் கேட்டுட்டு நீங்க என்னயப் பத்தி வேற மாதிரி நெனப்பிய. குளத்தூருல பாதிப்பேரு அப்படித்தான் நெனச்சாவ. காணிக்கைக் கூடையில கைய விட்டவண்ணு எனக்கு ஒரு பேரும் வந்துச்சு. வந்தா வரட்டும், இந்த ராஜபாய்க்கு அதுக்கு முன்ன மட்டும் நல்ல பேரா இருந்துச்சு?

எபினுக்கு லைட் அண்ட் சவுண்ட் வேலை. பாறசாலையில இருந்து காஞ்சிரங்குளம் வரைக்கும் கல்யாணமா, அம்பலத்துல உற்சவமா, கட்சிக் கூட்டமா, எல்லாத்துக்கும் அவனுக்க பாக்ஸும் சீரியல் பல்பும்தான். நல்ல வேலைக்காரன். ஒருத்தர மொகம் கோண ஒரு வார்த்த சொல்லமாட்டான். ஆனா அவனுக்க மனசு ஒரே நெலையில நிக்காது. மாசக்கணக்கா மேல ஏறி நிக்கும், அப்புறம் மாசக்கணக்கா கீழ கெடக்கும்.

மேல ஏறிட்டா ஒறக்கம் கெடையாது, பேச்சு நிக்காது. ஒரு வருசம் ஜூன் மாசத்து மழையில வீட்டுல இருந்து ரோடு வரைக்கும் உள்ள தெங்குல எல்லாம் கிறிஸ்மஸ் நட்சத்திரம் கெட்டினான். “என்னலே இது”ண்ணு கேட்டேன். “கிறிஸ்மஸ் வரட்டும்ணு காத்துட்டு இருக்கது என்னத்துக்கு அக்கா”ண்ணான். பாக்க அழகாத்தான் இருந்துச்சு. சாயாக்கடை கிருஷ்ணன்குட்டி அண்ணன் குடும்பத்தோட வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாரு. ஆனா ஓணத்துக்கு அந்த நட்சத்திரத்த எல்லாம் நான்தான் ஆளு வச்சு அவுத்தேன். எபின் அப்ப சொவரப் பாத்துப் படுத்துக் கெடந்தான். குளி இல்ல, சோறு இல்ல. “நான் எதுக்கு இருக்கேன் அக்கா”ண்ணு ஒரு நாளு கேட்டான். நான் அடுக்களைக்குப் போயி நின்னு அழுதேன்.

இதுக்கு எடையில குடி. மேல ஏறி நிக்கும்போ ஒறங்கதுக்குக் குடிச்சான். கீழ கெடக்கும்போ எந்திரிக்கதுக்குக் குடிச்சான். குடிக்கு நாத்தம் உண்டு, அதனால அது எல்லாருக்கும் தெரிஞ்சுது. மத்ததுக்கு நாத்தம் கெடையாது. குடிச்சுத்தான் இவனுக்குத் தலை கெட்டுதுண்ணு நாங்க சொன்னோம். தலை சரியில்லாமத்தான் குடிக்கேன்னு அவன் சொன்னான். குடியை நிறுத்துத ஒரு எடத்துக்குக் கொண்டு போனோம், முதல்ல மனசுக்கு வைத்தியம் பாத்துட்டு வாங்கண்ணாவ. மனசுக்குப் பாக்குத ஒரு எடத்துக்குக் கொண்டு போனோம், முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்கண்ணாவ. பந்து தட்டுதது போல ரெண்டு பேரும் அங்கோட்டும் இங்கோட்டும் தட்டினாவ. அதுக்குள்ள அவனுக்க பெண்டாட்டி ஜோஸ்னா பையத் தூக்கிட்டு அவ தாய் வீட்டுக்குப் போயிட்டா. அவளச் சொல்லிக் குத்தமில்ல. நானா இருந்தா அதுக்கு முந்தின வருசமே போயிருப்பேன்.

எனக்குத் தையல் கடை. எங்கூட தைக்குத அம்மிணிதான் நெய்யாற்றின்கரையில ஒரு டாக்டரம்மா இருக்காங்க, ரெண்டையும் சேத்துப் பாப்பாங்கண்ணு சொன்னா. போனோம். நான் போன ஒடனே கேட்டேன், “டாக்டரே, குடியாலயா இது வந்துச்சு, இல்ல இதாலயா குடி வந்துச்சு?” அந்தம்மா சிரிச்சாங்க. அவங்க மலையாளத்துல சொன்னத நான் நம்ம பேச்சுல சொல்லுதேன். “கொசு கடிச்சா அரிக்கும், சொறிவிய. சொறிஞ்சா அந்த நேரத்துக்குச் சொகம். சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாச்சுண்ணா அப்புறம் அந்தப் புண்ணும் அரிக்கும். இப்ப அரிக்கது கொசுக்கடியா புண்ணாண்ணு கேட்டு என்ன ஆகப்போவுது? ரெண்டுக்கும் சேத்து மருந்து போடணும். ஒண்ண விட்டா மத்ததும் திரும்ப வரும்.” இத்தன வருசத்துல எனக்குப் புரியுத மாதிரி ஒருத்தர் பேசினது அண்ணுதான்.

மருந்து தொடங்கிச்சு, தெனமும் திங்குத மாத்திரை, நாங்க குளிகைண்ணு சொல்லுவோம். வாரத்துல ஒரு நாளு அவனப்போல உள்ளவங்க கூடிப் பேசுத கூட்டத்துக்கும் போனான். குடி நின்னுது. மனசும் நெலையா நின்னுது. ஜோஸ்னா திரும்பி வந்தா. அவிய வீட்டுக்கும் எனக்க வீட்டுக்கும் நடுவுல ஒரு மதிலுதான். சாயங்காலமானா ரெண்டும் மீனுக்குப் புளி கூடிப்போச்சுண்ணு சண்டை போடுத சத்தம் கேக்கும். புளிக்குச் சண்டை போடுத வீடு நல்ல வீடாக்கும். நான் மதிலுக்கு இப்பறம் நின்னு கேட்டுச் சிரிப்பேன்.

அப்படி இருக்கும்போதான் மதுவிலக்கு ஞாயிறு வந்துச்சு.

எங்க கோயில்ல அதுக்கு ஒரு முறை உண்டு. குடியை, பீடிய, பான் பாக்கெட்ட விடுதவங்க அண்ணைக்கு முன்னால வந்து, எத விடுதாங்களோ அதுக்கு அடையாளமா ஒரு சாதனத்தக் காணிக்கைக் கூடையில வைக்கணும். கூடையில வச்சத திரும்ப எடுக்கப்பிடாது. ஆராதனை முடிஞ்ச பொறவு முற்றத்துல வழக்கம்போல ஏலம். முட்டை, தேங்காய், வாழைக்குலையோட சேத்து, இந்தச் சாதனங்கள்லயும் உபயோகம் உள்ளத ஏலத்துக்கு விடுவாங்க. உபயோகம் இல்லாதத ஒரு தகர டின்னுல போட்டு எரிப்பாங்க. போன வருசம் ஒருத்தன் வச்ச ஸ்டீல் டம்ளர நான்தான் எடுத்தேன். இப்ப அதுலதான் சாயா குடிக்கேன்.

அண்ணு வருசாவருசம் சாட்சி சொல்லுதது சபைச் செயலாளர் ராஜையா அண்ணன். ஒரு காலத்துல அவரப்போல குடிச்சவங்க இந்தப் பக்கத்துல கெடையாது. இப்ப வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நிமிந்த நடை. “ஒரு நாளு விட்டேன். அண்ணு முதல் எனக்குக் கர்த்தர் மட்டும்தான் துணை, வேற ஒண்ணும் இல்ல”ண்ணு முடிப்பாரு. அந்தச் சாட்சிக்கு மைக்கு வைக்கது எபின். எத்தன வருசம் அதப் பக்கத்துல நின்னு கேட்டானோ.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலத்தே ஜோஸ்னா மதிலுகிட்ட வந்து நின்னா. “மைனி, இவரு சரியா ஒறங்க மாட்டேங்காரு”ண்ணா. சனிக்கிழமை நான் போயிப் பாத்தேன். முற்றத்துல வயரு எல்லாத்தையும் விரிச்சுப் போட்டு சோப்புத் தண்ணியில தொடச்சுட்டு இருக்கான். மொகம் மினுங்குது.

“எலே, வயர யாருலே குளிப்பாட்டுவா?”

“அக்கா, நான் நல்லா இருக்கேன். இவ்வளவு நல்லா நான் இருந்ததே இல்ல.”

அந்த ‘நல்லா’வ நான் முன்னயும் கேட்டிருக்கேன். தெங்குல நட்சத்திரம் கெட்டின வருசமும் இதத்தான் சொன்னான். “குளிகை திங்கியா?”ண்ணு கேட்டேன். “நாளைக்குக் கோயில்ல வந்து பாரு அக்கா”ண்ணு சொல்லிட்டு அடுத்த வயர எடுத்தான்.

ஞாயித்துக்கிழமை நான் பெண்டுகள் பக்கத்துல முன் பெஞ்சில இருந்தேன். ராஜையா அண்ணன் சாட்சி சொல்லி முடிச்சாரு. பீடிய விடுத பினு வந்து லைட்டரயும் பீடிக்கட்டயும் வச்சான். அடுத்தது எபின் போனான். சட்டைப் பையில இருந்து வெள்ளி நெறத்துல ஒண்ண எடுத்து, முட்டைக்கும் வாழைக்குலைக்கும் நடுவுல வச்சான். குளிகை அட்டை. ஒரு குளிகை கூட கொறையாத முழு அட்டை.

“குடியை விட்டாச்சு. ஆனா குளிகையப் பிடிச்சுட்டு நிக்கது சொந்தக் கால்ல நிக்கது இல்லியே”ண்ணு அவனுக்க மைக்குலயே சொன்னான். “ராஜையா அண்ணனப்போல ஒண்ணுமில்லாம நிக்கணும்ணு ஆசை. போன ஞாயித்துக்கிழமை முதல் இதையும் விட்டுட்டேன்.”

ஸ்தோத்திரம்ணு கோயிலு முழுக்கச் சத்தம். கைதட்டு. கைதட்டினவங்களுக்கு என்ன தெரியும், அவங்க நல்ல மனசோட தட்டினாவண்ணு இப்ப சொல்லுதேன். அப்ப அத்தன பேருக்க கையையும் ஒடிக்கணும்போல இருந்துச்சு. திரும்பிப் பாத்தா ஜோஸ்னா வாயப் பொத்திட்டு இருக்கா. ஒரு வருசமா நாங்க ரெண்டு பேரும் சேந்து எடுத்து நிறுத்தினது கண்ணு முன்னால சரியுது.

நான் எந்திரிச்சேன். முன்னால நடந்தேன். பின் பெஞ்சில இருந்த ஷிஜா யார்கிட்டயோ, “ராஜபாய் மைனி வெத்தில போடுதத விடப்போறா போல”ண்ணு சொல்லுதது கேட்டுது. எங்க போதகர, அச்சன்ணுதான் விளிப்போம், அவரு சின்ன வயசு. மொகமெல்லாம் சிரிப்போட எனக்க தலையில கை வச்சு ஜெபிக்க வந்தாரு. நான் அவரு கைக்கு அடியில குனிஞ்சு போயி கூடையில கைய விட்டேன்.

கூடைக்குக் காவலு கப்பியார் பொன்னுதாஸு. மணி அடிக்கது, கூடை எடுக்கது, ஏலம் விடுதது எல்லாம் அவருதான். முறை பிசகினா கர்த்தரையே கேள்வி கேப்பாரு. கூடைக்க மத்தப் பக்கத்தப் பிடிச்சுக்கிட்டாரு.

“வச்சத எடுக்கப்பிடாது.”

“இது தேங்காயா வே? மருந்து.”

“என்னதா இருந்தாலும் வச்சது வச்சதாக்கும்.”

நான் ஒரு பக்கம் இழுக்கேன், அவரு ஒரு பக்கம் இழுக்காரு. ஒரு முட்டை உருண்டு கீழ விழுந்து ஒடஞ்சுது. அச்சன் என்ன செய்யதுண்ணு தெரியாம அடுத்த பாட்டு நம்பரச் சொல்லிப்போட்டாரு. அவரு பாவம்.

எபின் வந்து எனக்க கையப் பிடிச்சான். “அக்கா, விடு. இத எடுத்தாலும் நான் திங்கமாட்டேன். வீட்டுல இருக்கத நீ கொண்டு தந்தாலும் தொடமாட்டேன். கர்த்தருக்குக் குடுத்தத திரும்ப வாங்கினா நான் என்ன மனுசன்?” மெதுவாத்தான் சொன்னான். கண்ணு மட்டும் மினுங்கிட்டே இருந்துச்சு. எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு. போயி எனக்க பெஞ்சில இருந்தேன்.

ஆராதனை முடிஞ்சுது. பிலா மரத்துக்கு அடியில ஏலம். கிருஷ்ணன்குட்டி அண்ணனும் வழக்கம்போல ரோட்டக் கடந்து வந்து நின்னாரு. அவருக்குச் சாமி வேற, முட்டை இங்கத்தது. தகர டின்னுல தீ பிடிச்சாச்சு, பினுவுக்க பீடிக்கட்டு பொகஞ்சுட்டு இருந்துச்சு. பொன்னுதாஸு முட்டைய விட்டாரு, வாழைக்குலைய விட்டாரு. ரெண்டையும் கிருஷ்ணன்குட்டி அண்ணன்தான் எடுத்தாரு. அடுத்தது அந்த அட்டையத் தூக்கிப் பிடிச்சாரு.

“இதெந்தா சாதனம்?”ண்ணு கேட்டாரு கிருஷ்ணன்குட்டி அண்ணன்.

பொன்னுதாஸு தலையச் சொறிஞ்சாரு. இது உபயோகம் உள்ளதா இல்லாததா, ஏலமா தீயா? செயலாளருதான் தீர்மானிக்கணும். எல்லாரும் ராஜையா அண்ணனப் பாத்தாவ. தீயிலண்ணுதான் சொல்லுவாரு, எனக்குச் சந்தேகமே இல்ல. அவரு பக்கத்துல வந்து, அட்டைய வாங்கி, கண்ணுகிட்ட வச்சு பின்பக்கத்த வாசிச்சாரு. வாசிச்ச மனுசனுக்கு மொகம் ஒரு மாதிரி ஆச்சு.

“ஏலம்”ணு சொன்னாரு.

பொன்னுதாஸுக்கு அது போதும். “ஒரு அட்டைக் குளிகை, ஒரு அட்டைக் குளிகை”ண்ணு விளிக்கத் தொடங்கினாரு. நான் கேட்டேன். ராஜையா அண்ணன் அதுக்கு மேல கேட்டாரு. நான் அதுக்கு மேல. அவரு அதுக்கும் மேல. எடையில கிருஷ்ணன்குட்டி அண்ணன் ஒரு வெல கேட்டாரு.

“அண்ணா, அது கோழிமுட்டை இல்ல”ண்ணேன்.

“அறியாம் ராஜபாயே. எல்லாரும் விளிக்கும்போ ஞான் மாத்திரம் மிண்டாதிரிக்கணோ?”

எல்லாரும் கேக்கும்போ அவரு மட்டும் வாயப் பொத்திட்டு இருக்கணுமாண்ணு கேட்டதும் கூட்டம் சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல்ல. இந்த மனுசன் இத வாங்கி அவரு கையாலயே தீயில போடப் போறாருண்ணு நெனச்சேன். எனக்க பையில உள்ளது தீந்துது. தையல் மெஷினச் சொல்லலாமாண்ணு வாயெடுக்கதுக்குள்ள பொன்னுதாஸு, “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்”ணு முடிச்சாரு. ராஜையா அண்ணனுக்கு விழுந்துச்சு. ஜோஸ்னா அந்த நேரத்துல கோயில் மதிலுகிட்ட நின்னு போன்ல பேசிட்டு இருந்தா. இவளுக்கு இப்ப யாருகூட பேச்சுண்ணு அவ மேலயும் எனக்குக் கோவம்.

ராஜையா அண்ணன் தீப்பக்கம் போகல்ல. எபின் வயரு சுத்திட்டு நின்ன எடத்துக்குப் போனாரு. அவருக்க சட்டைப் பையில இருந்து இன்னொரு அட்டைய எடுத்தாரு. அதே வெள்ளி நெறம், பாதி தீந்தது.

“ரெண்டுக்க பேரையும் வாசி”ண்ணாரு.

எபின் வாசிச்சான். ஒண்ணப் பாத்தான், மத்ததப் பாத்தான். கையில இருந்த வயரு கீழ விழுந்துச்சு. மைக்கு அவனுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு, அவன் இன்னும் ஆஃப் பண்ணல்ல. அதனால ராஜையா அண்ணன் பேசினது முற்றம் முழுக்கக் கேட்டுது.

“எனக்கும் ஒனக்குள்ள சீக்குதாம்லே. குடிச்சது எல்லாம் அதுக்காக்கும். குடி நின்னது இந்தக் குளிகை தொடங்கின பொறவாக்கும். குடிகாரனா இருந்தேன்னு சொல்ல எனக்கு வெக்கம் இல்ல. மனசுக்கு மருந்து திங்கேன்னு சொல்ல வெக்கம். கர்த்தர் மட்டும்ணு சொன்னேன். கர்த்தர் எனக்கு ஒரு டாக்டரக் காட்டித் தந்தாருண்ணு சொல்லாம விட்டுட்டேன். பாதிச் சாட்சி. அந்தப் பாதியக் கேட்டுட்டு நீ வந்து நிக்கே.” அவருக்க பாதி அட்டையத் தூக்கிக் காட்டினாரு. “ஒண்ணுமில்லாம நிக்கேன்னா நெனச்சே? இது இருக்கதால நிக்கேன் மக்கா.”

 இத்தன நேரம் இந்த மனுசன மனசுக்குள்ள நான் சொன்ன வார்த்தைய எல்லாம் அப்படியே முழுங்கினேன். எனக்கு அவரு காலப் பிடிக்கலாம்போல இருந்துச்சு. அவரு பெண்டாட்டி பிலா மரத்துல சாஞ்சு நின்னு முந்தானையால கண்ணத் தொடச்சுட்டுச் சிரிச்சுது. அந்த அம்மைக்கு எல்லாம் தெரியும்போல.

எபின் கைய நீட்டல்ல. “ஆனா நான் கூடையில வச்சுட்டேனே அண்ணா. வச்சத எப்படி எடுக்க?”

“நீ எடுக்காண்டாம். நான் ஏலத்துல எடுத்தேன். இப்ப இது எனக்க சாதனம். எனக்க சாதனத்த நான் ஒனக்குத் தாறேன். பொன்னுதாஸே, முறைப்படி சரிதானா?”

பொன்னுதாஸு மானத்தப் பாத்து யோசிச்சாரு. நெசமாவே யோசிச்சாரு, இல்லாட்டா அவரு பொன்னுதாஸு இல்ல. “ஏலத்துல எடுத்தவரு யாருக்கு வேணும்ணாலும் குடுக்கலாம். முறைப்படி சரியாக்கும்”ணு தீர்ப்பு சொன்னாரு. எனக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு.

ஜோஸ்னா போனக் கையில பிடிச்சுட்டு வந்தா. “டாக்டரம்மா ஞாயித்துக்கிழமைண்ணும் பாக்காம எடுத்தாங்க. எல்லாம் சொன்னேன். இப்பவே திங்கச் சொன்னாங்க, நாளைக்குக் காலத்தே கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வெறும் வயித்துல வேண்டாம்ணாங்க”ண்ணா. நாங்க எல்லாம் சண்டை போட்டுட்டு நிக்கும்போ செய்ய வேண்டியதச் செய்தவ அவதான். எனக்கு அவள அப்படியே கெட்டிப் பிடிக்கணும்போல இருந்துச்சு, பிடிச்சேன்.

எபின் காலத்தே ஒண்ணும் திங்காம உபவாசமா வந்திருந்தான். கிருஷ்ணன்குட்டி அண்ணன் தோள்ல கெடந்த வாழைக்குலைய எறக்கி, நல்லாப் பழுத்தது ரெண்டு பறிச்சாரு. “இந்நா மோனே, கழிக்கு”ண்ணு திங்க நீட்டினாரு. எபின் நின்னுட்டே தின்னான். அச்சன் உள்ள போயி அவரே ஒரு கிளாஸ் தண்ணி கொண்டு வந்தாரு.

குளிகையக் கையில வச்சுட்டு அவன் என்னயப் பாத்தான். “எனக்குப் பேடியா இருக்கு அக்கா. இதத் தின்னும் திரும்பக் கீழ போயிட்டேன்னா?”

“போனா நாங்க கீழ வந்து விளிச்சுட்டு வாறோம். இதுக்கு முன்ன வரல்லியா? இப்ப முழுங்கு.”

வாயில போட்டான். முற்றத்துல உள்ள அத்தன பேரும் அவனுக்க தொண்டையையே பாத்துட்டு நின்னாவ. பொன்னுதாஸுக்குக் கூட்டம் சும்மா நின்னா வாயும் சும்மா இருக்காது. அவருக்கே தெரியாம, “ஒரு தரம்”ணு விளிச்சுட்டாரு. எபின் தண்ணியத் தூக்கிக் குடிச்சான். “ரெண்டு தரம்”ணு பினுவும் ஷிஜாவும் சேந்து சொன்னாவ. குளிகை எறங்குச்சு.

“வாயத் தெறலே, நாக்கக் காட்டு”ண்ணேன். எனக்கு அவன நல்லாத் தெரியும். சிரிச்சுட்டே நாக்க நீட்டிக் காட்டினான், கண்ணுல தண்ணி வழிஞ்சுட்டு இருந்துச்சு.

மூணு தரத்த அந்த முற்றமே சேந்து விளிச்சுது, கிருஷ்ணன்குட்டி அண்ணன் உட்பட. மைக்கு ஆஃப் பண்ணாம இருந்ததால அது ரோட்டுக்கு அப்பறம் வரைக்கும் கேட்டிருக்கும். எல்லாரும் கைதட்டினாவ. இந்தத் தடவ நானும் கைதட்டினேன், கண்ணாடி வளையலு ரெண்டு ஒடஞ்சு போச்சு.